அரிய நுரையீரல் கட்டிக்குக் கதிர்வீச்சு: டோஸ் கணக்கு எங்கிருந்து வருகிறது?

நுரையீரலில் கட்டி என்று தெரிந்து, பயாப்ஸி எடுத்து, ரிப்போர்ட் கைக்கு வரும்போது அதில் பெரும்பாலும் அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ் செல், ஸ்மால் செல் என்ற மூன்றில் ஒன்றுதான் இருக்கும். எப்போதாவதுதான் வேறு பெயர் வரும். கார்சினாய்டு, அடினாய்டு சிஸ்டிக், மியூகோஎபிடெர்மாய்டு, நட் கார்சினோமா, நுரையீரலிலேயே தொடங்கும் லிம்போமா, சார்கோமா என்று பட்டியல் நீளம், ஆட்கள் குறைவு. அந்தப் பெயரோடு 'கதிர்வீச்சு' என்பதையும் சேர்த்துத் தேடிப் பார்த்தால் கிடைக்கிற பதில் இரண்டே வகைதான். "இந்தக் கட்டி கதிர்வீச்சுக்கு மசியாது" என்பது ஒன்று, "போதுமான ஆய்வு இல்லை" என்பது இன்னொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழு உண்மை, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்க முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரோ முடிவெடுத்தே ஆகவேண்டும், இத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று தாளில் எழுதியே ஆகவேண்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பல குழப்பங்கள் தெளியும்.

ஐரோப்பாவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை அரியது என்று வகைப்படுத்துகிறார்கள். நாம் பேசும் கட்டிகளில் பல அந்த வரம்புக்கும் மிகக் கீழே. இரண்டு சிகிச்சைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து ஒப்பிடுகிற ஆய்வுக்கு நூற்றுக்கணக்கில் நோயாளிகள் வேண்டும். ஒரு பெரிய மருத்துவமனையே ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேரைத்தான் பார்க்கும் என்றால், ஆய்வு முடிவதற்குள் அதில் பயன்படுத்திய கருவியே பழசாகிவிடும். ஆகவே கடன் வாங்குகிறார்கள். உடலின் வேறு இடத்தில் இதே கட்டி வந்தவர்களிடமிருந்து கொஞ்சம், நுரையீரலில் இதே இடத்தில் சாதாரணப் புற்றுநோய் வந்தவர்களிடமிருந்து கொஞ்சம், அப்புறம் ஏதாவது ஒரு மருத்துவமனை தன் இருபது முப்பது வருடக் கோப்புகளைப் புரட்டி எழுதிய சின்னத் தொகுப்புகளிலிருந்து கொஞ்சம். கடன் வாங்குவதில் தப்பில்லை. யாரிடம் வாங்கினோம் என்பது மறந்துபோவதில்தான் சிக்கல்.

முதலில் அந்த "மசியாது" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். கதிர்வீச்சு செல்லைப் பொசுக்குவதில்லை, அதன் டி.என்.ஏ. இழைகளை உடைக்கிறது. இரண்டு இழையும் உடைந்த செல் அந்த நிமிடமே சாவதில்லை, பெரும்பாலும் அடுத்து இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் விழுகிறது. வேகமாகப் பிரிகிற கட்டி வாரங்களில் கரைவதும், மெதுவாகப் பிரிகிற கட்டி மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். நுரையீரல் கார்சினாய்டை உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இரண்டாகப் பிரிக்கிறது: 2 சதுர மில்லிமீட்டரில் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் 2-க்கும் குறைவாக இருந்து, செத்த திசுவும் இல்லையென்றால் டிபிகல், 2 முதல் 10 வரை இருந்தாலோ செத்த திசு தெரிந்தாலோ அடிபிகல். நுண்ணோக்கியில் தேடித் தேடித்தான் ஒரு பிரிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிற அளவுக்குச் சோம்பேறியான கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் சிடி எடுத்து "சுருங்கவே இல்லையே" என்று சொன்னால் அது கட்டியின் குற்றமா? பழைய தொகுப்புகளில் பலவும் சுருக்கத்தைத்தான் அளந்தன. சுருங்காமல் இருப்பதும் வளராமல் நிற்பதும் வேறு வேறு சங்கதி, நோயாளிக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

இதைச் சொல்வதால் கார்சினாய்டுக்கு ஆபரேஷனுக்குப் பதில் கதிர்வீச்சு போதும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1907-ல் ஓபெர்ன்டோர்ஃபர் குடலில் பார்த்த இந்த வகைக் கட்டிகளுக்குக் 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோய் மாதிரியானது, என்று பெயர் வைத்தார். நுரையீரல் கட்டிகளில் இது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். வெட்டி எடுக்க முடிந்தால் வெட்டுவதுதான் முதல் வழி, டிபிகல் வகையை முழுசாக எடுத்துவிட்டால் அதற்கு மேல் கதிர்வீச்சு தேவையில்லை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அடிபிகல் வகை நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்தால் ஆபரேஷனுக்கு அப்புறம் கதிர்வீச்சு கொடுக்கலாமா என்பதில்தான் ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் பதில் மாறும். இதயமோ மூச்சோ ஆபரேஷனைத் தாங்காது என்பவர்களுக்கு, எலும்புக்குப் பரவி வலிக்கிறவர்களுக்கு, விளிம்பில் கட்டி மிச்சம் இருப்பவர்களுக்கு என்று கதிர்வீச்சுக்கு அதன் இடம் இருக்கிறது.

ஆபரேஷன் தாங்காதவருக்குக் கொடுக்கிற கதிர்வீச்சு இன்று பெரும்பாலும் ஸ்டீரியோடாக்டிக் முறைதான், பேச்சு வழக்கில் எஸ்.பி.ஆர்.டி. பல கோணங்களிலிருந்து கதிரைக் கட்டியின்மேல் துல்லியமாகக் குவித்து, பெரிய அடியாகச் சில தடவையிலேயே முடிக்கிற முறை இது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்ஸெல் 1951-ல் மூளைக்காக முன்வைத்த யோசனையை, அதே நாட்டின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் லாக்ஸும் புளோம்கிரெனும் 1990-களின் தொடக்கத்தில் கழுத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். மண்டையோடு அசையாது, நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போகும், அடிப்பக்கக் கட்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்கூட நகரும். அதனால் மூச்சின் எல்லாக் கட்டங்களையும் படம் பிடிக்கும் நாற்பரிமாண சிடி, மூச்சைப் பிடித்துவைத்துக் கதிர் பாய்ச்சுவது போன்ற ஏற்பாடுகள் எல்லாம் தேவைப்பட்டன. பலன் பெரிது. ஆபரேஷன் செய்ய முடியாத ஆரம்பநிலை நோயாளிகளுக்கு 18 கிரே வீதம் மூன்றே முறை கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று, மூன்று வருடம் கழித்தும் கதிர் பட்ட கட்டி 97.6 சதவீதத்தினரிடம் கட்டுப்பாட்டில் இருந்ததாக 2010-ல் சொன்னது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் எல்லாரும் சாதாரண வகை நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள், கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருந்தவர்கள். கார்சினாய்டுக்கு இதே டோஸை எழுதும்போது அந்த 97.6 கூடவே வருவதில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரே என்பது ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல். ஆனால் மொத்த கிரேயை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது, ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதும் சேர வேண்டும். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு: மொத்த டோஸை, 1 கூட்டல் (ஒரு தடவை டோஸ் வகுத்தல் ஆல்ஃபா-பீட்டா என்ற எண்) என்பதால் பெருக்க வேண்டும். ஒரு தடவையின் அடி பெரிதாகும்போது திசு எவ்வளவு கூடுதலாகப் பாதிக்கப்படும் என்பதைக் காட்டுகிற எண் அது, சிறிதாக இருந்தால் பாதிப்பு கூடுதல். சாதாரணக் கட்டிகளுக்கு அந்த எண்ணை 10 என்று வைப்பார்கள். 2 கிரே வீதம் 30 தடவை, மொத்தம் 60 கிரே கொடுத்தால் விடை 72. 18 கிரே வீதம் மூன்று தடவை, மொத்தம் 54 கொடுத்தால் விடை 151. மொத்தம் குறைந்தும் வீரியம் இரட்டிப்பு. இப்போது மெதுவாக வளரும் கட்டிக்கு அந்த எண் 10 இல்லை, 3 என்று வைத்துப் பாருங்கள்: முதலாவது 100 ஆகும், இரண்டாவது 378. இடைவெளி இன்னும் விரிகிறது. மெதுவான கட்டிக்கு அடி பெரிசாக, தடவை குறைவாகக் கொடுப்பதே பொருந்தலாம் என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். ஆனால் அந்த 3 ஓர் ஊகம், கார்சினாய்டில் யாரும் உறுதியாக அளந்து வைத்த எண் அல்ல. இன்னொன்று, நல்ல திசுவின் நாள்பட்ட பாதிப்புகளுக்கும் அதே 3-தான் பொதுவாக வைக்கப்படுகிறது. கட்டிக்குக் கிடைக்கிற கூடுதல் அடி பக்கத்துத் திசுவுக்கும் அதே அளவில் கிடைக்கும், கதிர் அங்கே போகாமல் தள்ளிவைக்க முடிந்தால் மட்டும்தான் லாபம்.

தள்ளிவைக்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. கட்டியின் பெயரைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நுரையீரலை ஒரு மரமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துத் திசு இலை மாதிரி. கட்டியோடு சேர்த்துக் கொஞ்சம் இலை கருகினாலும் மரம் நிற்கும். மூச்சுக்குழாயும் அதன் பெரிய கிளைகளும் அப்படியில்லை, கிளை ஓரிடத்தில் பட்டுப்போனால் அதற்கு அப்பால் உள்ளது எல்லாம் போச்சு. இந்தியானாவில் டிமர்மன் குழு 70 பேருக்கு மூன்று தடவையில் 60 முதல் 66 கிரே வரை கொடுத்துப் பார்த்து 2006-ல் எழுதியது: ஓரத்துக் கட்டிக்காரர்களில் 83 சதவீதம் பேர் இரண்டு வருடத்தைக் கடுமையான பக்கவிளைவு இல்லாமல் கடந்தார்கள், நடுப்பகுதிக் கட்டிக்காரர்களில் 54 சதவீதம்தான். பெரிய மூச்சுக்கிளைகளைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு இந்தப் பெரிய அடி ஆகாது என்ற வழக்கம் அங்கிருந்து நிலைத்தது. சரி, தடவையைக் கூட்டி அடியைக் குறைத்தால்? நார்டிக் நாடுகளின் ஹைலஸ் ஆய்வு பெரிய மூச்சுக்கிளைகளிலிருந்து 1 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்த 65 பேருக்கு 7 கிரே வீதம் எட்டுத் தடவை கொடுத்தது. சிகிச்சையோடு தொடர்பு இருக்கலாம் என்று கருதப்பட்ட மரணங்கள் 10, அவற்றில் 8 நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து. 2021-ல் வெளியான அந்தத் தாளுக்குப் பிறகு இந்த இடத்தில் கைவைக்கிறவர்கள் கூடுதல் நிதானத்தோடுதான் வைக்கிறார்கள்.

இப்போது அரிய கட்டிகளுக்கு வாருங்கள். கார்சினாய்டுகளில் பெரும்பகுதி, அடினாய்டு சிஸ்டிக், மியூகோஎபிடெர்மாய்டு எல்லாமே பெரிய மூச்சுக்கிளைகளின் உட்சுவரில் பிறக்கிறவை. அதாவது எந்த இடத்தை விட்டு விலகியிரு என்று மேலே சொன்ன ஆய்வுகள் எச்சரித்தனவோ, அதே இடம். "அரிய கட்டி, அதனால் கதிர்வீச்சு கடினம்" என்பதைவிட "நடுவில் பிறக்கிற கட்டி, அதனால் கடினம்" என்பதே சரியான விளக்கம். இவர்களுக்கு 2 கிரே வீதம் ஆறு, ஏழு வாரம் இழுக்கிற பழைய முறையே பல நேரம் புத்திசாலித்தனம், பார்க்கப் பழைய பாணி மாதிரி இருந்தாலும்.

அடினாய்டு சிஸ்டிக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தக் கடன் கதைக்கு அதுதான் சரியான உதாரணம். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் கட்டி இது. மூச்சுக்குழாய்ச் சுவரிலும் அதே மாதிரி சிறு சுரப்பிகள் இருப்பதால் அங்கேயும் முளைக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற கட்டியோடு நிற்காது, நரம்புகளைப் பிடித்துக்கொண்டு சவ்வுக்கு அடியில் ஊர்ந்து போகும். மூச்சுக்குழாயில் ஏறக்குறையப் பாதி நீளம்வரைதான் வெட்டிவிட்டு மீண்டும் இணைக்க முடியும், அதற்கு மேல் இழுத்தால் தையல் தாங்காது. அதனால் அறுவை நிபுணர் தெரிந்தே விளிம்பில் செல்களை விட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். மிச்சத்துக்கு 60 கிரேயை ஒட்டிக் கதிர்வீச்சு கொடுப்பது பரவலான வழக்கம், அந்த வழக்கத்தின் வேர் பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பி அனுபவத்தில் இருக்கிறது. அந்த அனுபவமும் எவ்வளவு மெலிசு பாருங்கள்: ஆபரேஷனுக்கு ஆகாத உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளுக்கு நியூட்ரான் கதிர் நல்லதா, வழக்கமான கதிர் நல்லதா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து 1980-களில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 32 பேரோடு நிறுத்தப்பட்டது. நியூட்ரான் பக்கம் கட்டியின் கட்டுப்பாடு தெளிவாகக் கூடுதல், உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை. கட்டுப்பாடு கூடியும் ஆயுள் கூடாததற்குக் காரணம் இந்தக் கட்டியின் குணம்தான். பத்து வருடம் கழித்தும் வேறிடத்தில் தலைகாட்டும். ஐந்து வருடம் ஆச்சு, இனிக் கவலையில்லை என்று சொல்லக்கூடிய ரகம் இது அல்ல.

எல்லா அரிய கட்டியும் மெதுவானவை என்று நினைத்துவிட வேண்டாம். நட் கார்சினோமா நேர் எதிர்: 15-ஆம் குரோமோசோமில் உள்ள நட் மரபணு பெரும்பாலும் 19-இல் உள்ள ஒன்றோடு போய் ஒட்டிக்கொள்வதால் வருவது, புகைப்பழக்கமே இல்லாத இளம் வயதினரையும் பிடிக்கும். கதிர்வீச்சுக்குச் சட்டென்று கரைந்து, சட்டென்று திரும்பியும் வரும். ஆயுள் பலருக்கு மாதங்களில்தான். கரைவது வேறு, குணமாவது வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி கிடையாது. இன்னொரு முனையில் நுரையீரலின் மால்ட் லிம்போமா என்ற மந்தமான நிணநீர்ப் புற்றுநோய்: 24 முதல் 30 கிரே போதும், மற்ற கட்டிகளுக்குக் கொடுப்பதில் பாதி. மந்தமான லிம்போமாக்களில் 24 கிரேயையும் வெறும் 4 கிரேயையும் ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில் 24 நீண்ட நாள் தாங்கியது என்றாலும், 4 கிரேயிலேயே கணிசமானவர்களுக்குக் கட்டி சுருங்கியது. பல பேருக்கு எதுவுமே செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் உண்டு.

சின்ன ஆதாரத்தை வைத்தே ஜெயித்த கதையும் ஒன்று இருக்கிறது. நுரையீரலின் உச்சியில், தோள்பட்டைக்குப் போகும் நரம்புகளை நெருக்கிக்கொண்டு வரும் கட்டியை 1932-ல் ரேடியாலஜிஸ்ட் ஹென்றி பேன்கோஸ்ட் விவரித்தார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. செல் வகை சாதாரணமானதுதான், இடம்தான் அரிது. நெடுநாள் அதைக் கைவிட்ட கேஸ் என்றே வைத்திருந்தார்கள். 1950-களில் ஷா என்ற அறுவை நிபுணர் அப்படிப்பட்ட ஒருவருக்கு வலி குறையட்டும் என்று கொடுத்த கதிர்வீச்சில் கட்டி சுருங்கியதைப் பார்த்து ஆபரேஷனுக்குத் துணிந்தார். முதலில் 30 கிரே, அப்புறம் வெட்டு என்ற அந்த வரிசை பல பத்தாண்டு ஓடியது. பிறகு 45 கிரேயும் கீமோவும் சேர்த்துக் கொடுத்து ஆபரேஷன் செய்த 110 பேர் ஆய்வில் ஐந்து வருட உயிர்வாழ்வு 44 சதவீதம் வந்தது. குலுக்கல் ஒப்பீடு எதுவும் இல்லாமலேயே இன்று அது வழக்கமான சிகிச்சை. ஆதாரம் சிறிதாக இருக்கலாம், பலன் பெரிதாக இருந்தால் போதும் என்று வாதிடுகிறவர்களுக்கு இது நல்ல துணை. எல்லாக் கட்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

வெளியிலிருந்து பாய்ச்சுவது மட்டும்தான் கதிர்வீச்சு என்பதும் இல்லை. கார்சினாய்டு செல்களில் பலவற்றின் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கும். அதில் போய் ஒட்டும் மூலக்கூறில் லுடீஷியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டி ஊசியில் ஏற்றினால், கட்டி எங்கெங்கே பரவியிருக்கிறதோ அங்கெல்லாம் அது தானே போய் உட்கார்ந்துகொண்டு, 2 மில்லிமீட்டருக்குள் அடங்குகிற பீட்டா கதிரை வீசும். அரை ஆயுள் ஏழு நாளுக்குச் சற்றுக் குறைவு. வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு தடவை. இதற்குப் பெயர் வாங்கித் தந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வு சிறுகுடல் சார்ந்த கட்டிகளில் நடந்தது, 2018-ல் அமெரிக்காவில் வந்த அனுமதியும் குடல், கணையக் கட்டிகளுக்கே. நுரையீரலுக்கு இதுவும் கடன்தான். அதிலும் எல்லா நுரையீரல் கார்சினாய்டிலும் ஏற்பி போதுமான அளவு இருக்காது. அந்த ஏற்பிகளைக் காட்டும் கேலியம்-68 பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிந்தால்தான் பேச்சையே ஆரம்பிக்கலாம்.

பக்கவிளைவில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது நிமோனைட்டிஸ், அதாவது கதிர்வீச்சால் நுரையீரலில் வரும் அழற்சி. கதிர்வீச்சு முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சிரைப்பு, சில நேரம் லேசான காய்ச்சல். சிகிச்சையை மறந்தே போயிருக்கும் நேரத்தில் வருவதால் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் ஓடும், தேவைப்படுவதோ ஸ்டீராய்டு. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் கதிர்வீச்சு எடுத்ததை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நுரையீரலில் 20 கிரேக்கு மேல் வாங்கும் பகுதியை 35 சதவீதத்துக்குள் வைக்கப் பார்ப்பது இதைத் தடுக்கத்தான். எஸ்.பி.ஆர்.டி.க்குப் பிறகு கட்டி இருந்த இடத்தில் விழும் தழும்பு சிடியில் புதுக் கட்டி மாதிரியே தெரிந்து பயமுறுத்துவதும் சகஜம். அடுத்து இதயம்: கார்சினாய்டு நடுத்தர வயதிலேயே வருகிறது, அதற்கப்புறம் பத்துகள் கணக்கில் வாழப்போகிறவருக்கு இதயத்தில் விழும் ஒவ்வொரு கிரேயும் பிற்காலக் கணக்கில் வரும். வழக்கமான எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் கதிர் இங்கே உதவலாம், அது குறித்த ஆழத்தோடு நின்றுவிடும். ஆனால் காற்று நிறைந்து அசைந்துகொண்டே இருக்கும் உறுப்பில் அந்த ஆழத்தைத் துல்லியமாகக் கணிப்பதே கஷ்டம், விளம்பரங்களில் அந்தப் பகுதி வருவதில்லை.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மூச்சுக்குழாய் வழியாக எடுக்கும் சின்ன பயாப்ஸியில் செல்கள் இடுக்கியில் நசுங்கிப்போகும். நசுங்கிய கார்சினாய்டு நுண்ணோக்கியில் ஸ்மால் செல் மாதிரியே தெரியக்கூடும், நோய்க்குறியியல் பாடத்தில் எச்சரிக்கிற பழைய பொறி இது. ஒன்றுக்கு ஆபரேஷன்; இன்னொன்று மார்புக்குள்ளேயே நிற்கும் கட்டத்தில் கீமோவோடு நாளுக்கு இரண்டு தடவை வீதம் மூன்று வாரத்தில் 45 கிரே. எத்தனை செல்கள் பிரியும் சுழற்சியில் இருக்கின்றன என்று காட்டும் கி-67 சாயப் பரிசோதனை பெரும்பாலும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். ஸ்மால் செல்லில் பெரும்பாலான செல்கள் சாயம் ஏறி நிற்கும், கார்சினாய்டில் அங்கொன்று இங்கொன்று. ரிப்போர்ட்டில் அந்த எண் இல்லை என்றால், டோஸைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள், அதே பயாப்ஸித் துண்டில் போட்டுப் பார்க்கிற சோதனைதான்.